பதினொரு ஒன்றுகள்

சரோஜினி நகரில் எங்களுக்கு அடுத்த குவார்ட்டர்ஸில் இருந்த ராஜாராமன் மத்திய சர்க்காரில் குமாஸ்தா. 1972-இல் அவருக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த இருவருக்குப் பதவி உயர்வு வந்தது, அவருக்கு வரவில்லை. இரண்டு மாதம் மனிதர் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினொரு ஒன்றுகளை வரிசையாக எழுதினார். ஆயிரத்து நூற்றுப் பதினோரு கோடிச் சொச்சம். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாத பகா எண்ணாக அது இருக்கும் என்பது அவர் கட்சி. காரணம் கேட்டால், "பார்த்தாலே தெரியறதே, யாருக்கும் வளைஞ்சு கொடுக்காத நம்பர்" என்பார்.

அதை நிரூபிக்க, ஒரு லட்சத்து ஐயாயிரத்துச் சொச்சம் வரை உள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். அந்த எண்ணின் வர்க்கமூலம் அதுதான் என்பதால் அதற்கு மேல் தேவையில்லை. மொத்தம் பத்தாயிரம் வகுத்தல். ஒரே ஒரு தடவை மீதி வராவிட்டாலும் அவர் கட்சி தோற்றது. தினம் சாயங்காலம் மூன்று கணக்கு. மச்சினன் ஜப்பான் கால்குலேட்டர் கொண்டுவந்து நீட்டியபோது, "அப்புறம் நான் எதுக்கு?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கு இது வடிகட்டிய பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஆனால் மனிதர் சாப்பிட ஆரம்பித்தார், சிரிக்கவும் செய்தார்.

1974 மழைக்காலத்தில் அவருக்கு மஞ்சள் காமாலை. படுத்த படுக்கை. ஒரு நாள்கூட விட்டுப் போகக் கூடாது என்று நோட்டை மனைவி ஜலஜாவிடம் கொடுத்தார். அவள் எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கியவள். அந்த வீட்டில் அதை யாரும் விசாரித்ததில்லை. ஒரு மாதம் சமையலறையில் உட்கார்ந்து வகுத்தாள்.

1981 டிசம்பரில் கடைசி வகுத்தலும் முடிந்தது. எல்லாவற்றிலும் மீதி இருந்தது. ராஜாராமன் எங்களுக்கெல்லாம் பாதுஷா கொடுத்தார். பேராசிரியர் ஒருவருக்கு விவரமாகக் கடிதம் எழுதி, தபாலில் போடச் செருப்பை மாட்டினார். அப்புறம் நடந்ததை ஜலஜாவே என்னிடம் சொன்னாள்.

வாசலில் நின்று அவரை மறித்திருக்கிறாள். "போடாதேங்கோ. இருபத்தோராயிரத்து அறுநூத்து நாப்பத்தொம்பதுல மீதி வரலை. நான்தான் மூணுன்னு எழுதிட்டேன்."

அவர் நின்றபடியே கடிதத்தின் பின்பக்கத்தில் வகுத்துப் பார்த்தார். ஈவு ஐந்து லட்சத்துப் பதிமூவாயிரத்து இருநூற்று முப்பத்தொன்பது. மீதி பூஜ்யம்.

"ஏழு வருஷம்! ஏண்டி சொல்லலை?"

"அப்ப உங்க கண்ணெல்லாம் மஞ்சளாக் கிடந்தது. இதுவும் போச்சுன்னா எழுந்திருக்கவே மாட்டேளோன்னு பயந்தேன். அப்புறம், இத்தனை நாள் மறைச்சுட்டமேன்னு பயம்."

"நீ கண்டுபிடிச்சதை வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"யார்கிட்டன்னு சொல்றது?"

ஏமாந்ததைவிட இந்தப் பதில்தான் அவரைச் சுட்டிருக்க வேண்டும். நாலாம் நாள், ஆயுசுக்கும் போதுமான காகிதத்தோடு வந்தார். பன்னிரண்டு ஒன்றுகள் மூன்றால் வகுபடும் என்பது குழந்தைக்கும் தெரியும். அதனால் பதிமூன்று ஒன்றுகளை எழுதி, ஆளுக்குப் பாதி என்று அவளிடம் ஒரு நோட்டை நீட்டினார்.

அன்றைக்கே, குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள், சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த என் காது கிழியும்படி ஜலஜா கத்தினாள்:

"ஏன்னா! அம்பத்திமூணு! மீதியே இல்லை!"