தண்ணீர் ஓடிய பக்கம்

தேர்வுக்கு முந்தின நாள் மாலை நாலு மணிக்கு, கோபன்ஹேகனில் ஒரு தெருவோரத்தில் கொட்டும் மழையில் நின்றுகொண்டு, எங்கள் ப்ராஜெக்ட் அடியோடு தப்பு என்று கண்டுபிடித்தேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் என்று அன்றைக்கும் நினைத்தேன். இப்போதும் சில சமயம் நினைப்பதுண்டு.

அது ஆறு வாரக் கோடைக்காலப் படிப்பு. பெருமழை பெய்தால் நகரத்துத் தண்ணீரை எங்கே அனுப்புவது என்பதுதான் பாடம். சென்னை வேளச்சேரியில் வளர்ந்து, மழைக்காலம் வந்தால் ஃப்ரிட்ஜைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துப் பழகியவள் இதைப் படிக்க டென்மார்க் வரை போக வேண்டுமா என்று வீட்டில் கிண்டல் செய்தார்கள். நான் சிவில் மூன்றாம் ஆண்டு முடித்திருந்தேன். ஸ்காலர்ஷிப் கிடைத்தது, கிளம்பிவிட்டேன்.

வகுப்பை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். எனக்கு ஜோடியாக வந்தவள் ஒரு டேனிஷ் பெண். மனதில் பட்டதை அப்படியே முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவள். முதல் வாரமே, "நான் எழுதியதில் நீ ஒரு வரிகூடத் திருத்தவில்லையே, படிக்கவே இல்லையா?" என்று கேட்டாள். படித்தேன், திருத்தினால் நீ வருத்தப்படுவாய் என்று விட்டுவிட்டேன் என்றேன். அவள் சிரித்த சிரிப்பு அடுத்த அறை வரைக்கும் கேட்டிருக்கும். அதற்குப் பிறகு நன்றாகவே ஒட்டிக்கொண்டோம்.

அவளுக்கு இந்தப் பாடம் விளையாட்டில்லை. முந்தின வருடம் உடம்பு சரியில்லாமல் ஒரு செமஸ்டரைத் தொலைத்திருந்தாள். இதில் ஏழு வாங்கினால் செப்டம்பரில் மேற்படிப்பில் இடம். இல்லையென்றால் இன்னொரு வருடம் வீட்டில் உட்கார வேண்டும். டென்மார்க்கில் பன்னிரண்டுதான் உச்ச மதிப்பெண், ஏழு என்றால் கௌரவமான மார்க். எனக்கோ வெறும் பாஸ் போதும். எங்கள் கல்லூரி அதற்கு மேல் கேட்கவில்லை.

வாத்தியார் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு சைக்கிளில் வருகிற மனிதர். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்பார். எனக்கு நாக்கு எழவில்லை. சார் என்றால் அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆறு வாரத்தையும் 'எக்ஸ்கியூஸ் மி'யிலேயே ஓட்டினேன். அவர் எங்களுக்கு ஒரு தெருவின் வரைபடத்தைக் கொடுத்திருந்தார். தெருவின் கிழக்குக் கோடியில் ஒரு சின்னப் பூங்கா. தெருத் தண்ணீர் பூங்காவை நோக்கிப் போகும் என்று படத்தில் அம்புக்குறி போட்டிருந்தது. அந்தத் தண்ணீரைத் தாங்கப் பூங்காவில் எவ்வளவு ஆழத்துக்குப் பள்ளம் வெட்ட வேண்டும் என்பதை நாங்கள் கணக்கிட்டு, முப்பது பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டோம். ஒரு நாள் நேரில் போயும் பார்த்தோம். அன்றைக்கு நல்ல வெயில். தெரு கண்ணுக்குச் சமதரையாகத்தான் தெரிந்தது.

தேர்வில் காட்ட மழையில் ஒரு படம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தேர்வுக்கு முந்தின நாள் நான் மட்டும் போனேன். தண்ணீர் பூங்காப் பக்கம் போகவே இல்லை. எதிர்ப்பக்கம், மேற்குக் கோடியில் இருந்த பழைய அடுக்குமாடியின் நிலவறைப் படிக்கட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நம்ப முடியாமல் ஒரு இலையைக் கிள்ளிப் போட்டேன். மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் பூங்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனது. வீடியோ எடுத்துக்கொண்டேன்.

உடனே அவளுக்கு ஃபோன் செய்திருக்க வேண்டும். எண்ணை எடுத்தும் விட்டேன். ஆனால் அவளைப் பற்றி எனக்குத் தெரியும். சொன்ன ஐந்தாவது நிமிடம் 'உங்கள் வரைபடம் தப்பு' என்று வாத்தியாருக்கு மெயில் போய்விடும். மறுநாள் வாய்மொழித் தேர்வுக்கு வேறு பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் வந்து வாத்தியார் பக்கத்தில் உட்காருவார். அவருக்கு இங்கே சென்சர் என்று பெயர், நம் ஊர் எக்ஸ்டர்னல்தான். எக்ஸ்டர்னல் முன்னால் சொந்த சாரை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது எங்கள் கல்லூரியில் யாரும் எழுதி வைக்காத சட்டம். எனக்கு மூத்த ஒருவர், சார் கொடுத்த ஃபார்முலா பழையது என்று வைவாவில் வாய்விட்டார். எக்ஸ்டர்னல் சிரித்தார், சாரும் சேர்ந்து சிரித்தார். அடுத்த செமஸ்டர் அந்த அண்ணனின் இன்டர்னல் மார்க் எல்லாம் பாதாளத்துக்குப் போனது. ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டு ரயில் ஏறினேன்.

நான் டோஸ்ட்ருப் என்ற புறநகரில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அந்த ஆன்ட்டி முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவர். முகத்தைப் பார்த்தே காய்ச்சல் எவ்வளவு என்று சொல்லிவிடுவார்.

"என்ன பிள்ளை, புட்டைப் போட்டு அளைஞ்சு கொண்டிருக்கிறியள்? சுகமில்லையோ?"

"அதெல்லாம் இல்ல ஆன்ட்டி. நாளைக்கு எக்ஸாம்." பிறகு முழுவதையும் சொன்னேன்.

"பிழையான படம் வாத்தியார் தந்ததுதானே? நீங்கள் கீறினதில்லையே?"

"ஆமா, அவர் குடுத்ததுதான்."

"அப்ப பேசாமல் விடுங்கோ. சோதனை நேரத்திலை ஏன் கிளறுறியள்? வெளியாள் ஒருத்தருக்கு முன்னாலை அவரின்ரை மானம் போனால் நல்லாவோ இருக்கும்?"

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அவர் மகள் டேனிஷில் ஏதோ சொன்னாள். ஆன்ட்டி கையை வீசினார். "உவள் சொல்லுறாள், இப்பவே சொல்ல வேணுமாம். இஞ்சை பிறந்ததுகளுக்கு என்ன, வாயிலை வந்ததைக் கதைக்கும்."

எனக்குப் பிடித்த பதிலை ஆன்ட்டி சொன்னார். அதனால் அவர் சொன்னதுதான் நியாயமாகப் பட்டது. அந்தப் பதின்மூன்று வயதுப் பெண் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை பத்தரைக்கு எங்கள் முறை. அவள் தலையைப் படிய வாரி, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தாள். வாசலில் என் கையைப் பிடித்து, "மழைப் படம் கிடைத்ததா?" என்றாள். மங்கலாக வந்துவிட்டது, வேண்டாம் என்றேன். பச்சைப் பொய். சரி என்று தலையாட்டினாள்.

உள்ளே வாத்தியார் எங்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். சென்சர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. எங்கள் அறிக்கையில் ஏழெட்டு இடத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டி வைத்திருந்தார். முதல் பத்து நிமிடம் என் ஜோடிதான் பேசினாள், நன்றாகவே பேசினாள். பிறகு சென்சர் ஒரு மஞ்சள் சீட்டைத் திறந்து, பேனாவை அம்புக்குறிமேல் வைத்தார்.

"தண்ணீர் இந்தப் பக்கம்தான் போகும் என்று எப்படித் தெரியும்?"

"நாங்கள் நேரில் போய்ப் பார்த்தோம்," என்றாள் அவள்.

"உறுதியாகவா?"

"உறுதியாக."

சென்சர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

நான் வாத்தியாரைப் பார்த்தேன். அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு ஆர்வமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்த நிலவறைப் படிக்கட்டு கண்ணுக்குள் வந்தது. வேளச்சேரிக்காரியால் அந்த ஒரு சொல்லைச் சொல்ல முடியவில்லை. "நேற்று மழையில் பார்த்தேன். தண்ணீர் எதிர்ப்பக்கம் போகிறது," என்றேன்.

அவள் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

வாத்தியாரின் மானம் போகவில்லை. அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார். வீடியோ இருக்கிறதா என்றார். இலை போவதை இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். "மூன்று வருடமாக இந்தப் படத்தைத்தான் கொடுக்கிறேன்," என்று சென்சரிடம் சொல்லி, வாய்விட்டுச் சிரித்தார். அப்படியானால் பள்ளத்தை எங்கே வைப்பாய், எவ்வளவு ஆழம், நிலவறைக்கு என்ன செய்வாய் என்று கேள்விகள் எல்லாம் என்னிடமே வந்தன. நானும் மளமளவென்று பதில் சொன்னேன். அதில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். என் ஜோடியிடம் கடைசியாக ஒன்று கேட்டார்கள். அவள் அறிக்கையைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்துவிட்டது.

வெளியே அனுப்பினார்கள். நடைகூடத்து பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"எத்தனை மணிக்குப் பார்த்தாய்?" என்று கேட்டாள்.

"நாலு மணிக்கு."

"அவரிடம் சொல்லப் பயந்தாய், சரி. என்னிடம் சொல்ல என்ன பயம்?"

எங்கள் ஊர் வைவா, அந்த அண்ணன், எக்ஸ்டர்னல் என்று ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அசிங்கமாக இருந்தது. நேற்றே சொல்லியிருந்தால் இதை அவளே உள்ளே சொல்லியிருப்பாள், என்னைவிட நன்றாகவும் சொல்லியிருப்பாள். மேலே இருப்பவர் மனம் நோகுமோ என்று மாய்ந்து மாய்ந்து யோசித்தவள், பக்கத்தில் இருப்பவளைப் பற்றி ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது வெறும் பயம்.

தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். எனக்குப் பத்து. அவள் போய்விட்டு வந்து, "நான்கு," என்றாள்.

நான் கதவைத் தட்டாமல் உள்ளே போனேன். இருவரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். "அவளுக்குத் தெரியாது. மறைத்தது நான்தான். குறைக்கிறதென்றால் எனக்குக் குறையுங்கள்," என்றேன். என் குரல் உயர்ந்திருந்தது. ஒரு வாத்தியாரிடம், அதுவும் எக்ஸ்டர்னல் முன்னால், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சண்டை போட்டேன். இது நியாயமே இல்லை என்றுகூடச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோப்பையை வைத்துவிட்டு, கடைசி வரை கேட்டார்.

"நீ சொல்வதை நம்புகிறேன்," என்றார். "ஆனால் இரண்டு தடவை கேட்டும் அவள் உறுதி என்றுதான் சொன்னாள். இந்த அறையில் பேசியதற்குத்தான் மதிப்பெண். மாற்ற முடியாது."

திரும்பி வந்தேன். அவள் பெஞ்சிலேயே இருந்தாள். கதவு திறந்திருந்ததால் எல்லாம் கேட்டிருக்கும்.

"இதை நேற்றுச் செய்திருக்கலாம்," என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். சென்னைக்கு வந்த பிறகு அவளுக்கு மூன்று மெயில் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.