பாகூரிலிருந்து செல்லிப்பட்டுக்கு நானூறு வாத்துகள்

செவ்வாய், மதியம் இரண்டு மணி. புதுச்சேரியிலிருந்து இருபது கிலோமீட்டர் வந்து பாகூரில் இறங்கினேன். வழியில் தமிழ்நாடு ஒருமுறை வந்து போனது, கண்டக்டர்கூடக் கண்டுகொள்ளவில்லை. என் வேலை இதுதான்: வானத்திலிருந்து எடுத்த படத்தில் குறித்த இடங்களுக்கு நேரில் போய், வயலா வீடா, என்ன பறவை, எத்தனை பேர் என்று எழுதி வருவது. படம் மூன்று வருடம் பழையது. அதில் வயலாக இருந்த ஓரிடத்தில் இப்போது ஓட்டல்; அன்று காலை அங்கே உட்கார்ந்துதான் பொங்கல் சாப்பிட்டிருந்தேன், முப்பது ரூபாய்.

ஏரிக்கரையில் நின்று பார்த்தால் அறுத்த வயல் முழுக்கப் பறவை. நானூறு காட்டு வாத்து என்று எழுதிவிட்டுத் தலைகால் புரியாமல் ஓடினேன். கிட்டே போனால் கோலுடன் ஒரு பெண் சிரிக்கிறாள். அஞ்சலை, முப்பத்தைந்து வயதிருக்கும். திண்டிவனம் பக்கத்திலிருந்து கணவனோடு வாத்து மேய்க்க வந்தவள். என் படிவத்தின் மக்கள்தொகைக் கட்டத்தில் 'நிரந்தரக் குடியிருப்போர் மட்டும்' என்றிருந்ததால் அவர்களை எழுத வழியில்லை. நானூறு காட்டு வாத்து என்று எழுதியதையும் அடித்தேன், கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

மறுநாள் அந்த வயலை உழப்போகிறார்களாம். அடுத்த வயல் கிடைக்காவிட்டால் வாத்து முட்டையை நிறுத்திவிடும். என் படத்தைக் காட்டச் சொன்னாள். செல்லிப்பட்டில் ஆற்றோரம் நல்ல பச்சை. முப்பது கிலோமீட்டருக்கு மேல்; மினிலாரிக்கு மூவாயிரம் ஆகும். பொங்கல் நினைவுக்கு வந்தது. காலையில் நானே போய்ப் பார்த்து போன் செய்கிறேன் என்றேன்.

புதன், காலை ஏழு. செல்லிப்பட்டு. படம் பொய் சொல்லவில்லை: அறுத்த தாள், கணுக்கால் தண்ணீர், சிந்திய நெல். பெருமையாக போன் செய்தேன்.

"கொக்கு நிக்கிதா சார்?" என்றாள்.

ஒன்றுகூட இல்லை.

"அப்ப வேணாம். இன்னா போட்டாங்கன்னு கேளு."

மோட்டார் கொட்டகையில் இருந்தவரைக் கேட்டேன். நாற்று விடுவதற்காக முந்தாநாள்தான் பூச்சிக்குக் குருணை மருந்து தூவியிருக்கிறார்கள். தின்றால் வாத்து பிழைக்காது என்றார். இத்தனை நாளும் பறவை இல்லாத இடங்களில் கட்டத்தை வெறுமனே விட்டுவந்தவன் நான். அன்று முதன்முறையாகப் பூஜ்யம் என்று எழுதினேன்.

வரப்பிலேயே ஒரு மணி நேரம் நடந்தேன். சங்கராபரணி ஆறு வளையும் இடத்தில் ஓர் அறுவடை வயல். அதில் இருபது கொக்கு, ஒரு நத்தைகுத்தி நாரை. வயல்காரரிடம் மருந்து போடவில்லையே என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். மேய்க்கட்டும், எருவாச்சு என்றார்.

மாலை நான்கு. லாரி வந்தது. பலகை வழியே வாத்துகள் முண்டியடித்து இறங்கின. கொக்குகள் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டன, அவ்வளவுதான். அஞ்சலை ஆறு முட்டையைப் பையில் போட்டுக் கையில் திணித்தாள். அந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது.

வூடு எங்கே என்று கேட்டாள். மூலக்குளம், பெரிய கிணற்றுத் தெரு என்றேன்.

"அட, அந்தக் கெணத்துப் பக்கமா? கல்யாணத்துக்கு முன்ன ஒரு மாசம் அங்கதான் சார் வாத்த வுட்டு மேய்ப்போம். நல்ல நெலமாச்சே. இப்ப யாரு பயிர் வக்கிறாங்க?"

"பதினாறு குடும்பம் இருக்கோம்" என்றேன்.