ஒரு கட்டை அக்கார்டியன்

1. வாங்கின மறுநாளே தகராறு

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் பாட்டுக் குழுவுக்குக் கீபோர்டு வந்தது. என் ஆர்மோனியம் மேடையை விட்டு இறங்கியது. காலடிப்பேட்டையில் அந்தக் குழுவை நடத்தினவர் தாஸ் அண்ணன். அவரே பாடகர், அவரே முதலாளி. நேராகவே சொல்லிவிட்டார்.

"மேடையில இனிமே உனக்கு வேலை இல்ல மாமு. ஆனா கல்யாண ஊர்வலத்துல கீபோர்ட தூக்கிகினு நடக்க முடியாது. தோள்ல மாட்டிகினு வாசிக்கிறா மாதிரி எதுனா கொண்டா, வெச்சிக்கிறேன். இல்லாங்காட்டி வேற எடம் பாத்துக்க."

எனக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். வேறு எங்கே போவேன்? ராயபுரத்தில் கப்பல் சாமான் விற்கிற கடையில் ஒரு பழைய பட்டன் அக்கார்டியன் கிடைத்தது. வலது பக்கம் ஒரே வரிசைப் பட்டன், நடுவில் துருத்தி. துருத்தி மடிப்பில் யாரோ ஒட்டுப் போட்டு வைத்திருந்தான். தோளில் மாட்டியதுமே பிடித்துப்போய்விட்டது. ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்து ஒரு பட்டனை அழுத்தித் துருத்தியை மூடினேன். 'ஸ' வந்தது. அதே பட்டனை விடாமல் துருத்தியை விரித்தால் 'ரி'. அடுத்த பட்டனில் மூடினால் 'க', விரித்தால் 'ம'. ஆர்மோனியத்தில் காற்றை எப்படி அடித்தாலும் ஒரு விரலுக்கு ஒரு ஸ்வரம்தான். கடைக்காரன் கெட்டுப்போன சரக்கை என் தலையில் கட்டிவிட்டான் என்று மறுநாள் போய்ச் சண்டை பிடித்தேன்.

"யோவ், ஒரே பட்டன் ரெண்டு பேச்சு பேசுது. இன்னா சரக்கு குட்த்த நீ?"

"கப்பல்ல வந்தத விக்கிறவன் நைனா நான். சத்தம் வருதான்னு பாத்தேன், வந்துச்சு. அதுக்கு மேல எனக்கு இன்னா தெரியும்?"

2. பிளாஸ்திரி வைத்தியம்

நானே ஸ்க்ரூவைக் கழற்றினேன். உள்ளே ஒவ்வொரு பட்டனுக்கும் ரெண்டு ரீடு, காற்றுப் பட்டால் அதிருகிற உலோக நாக்கு. மூடும்போது ஒன்று பேசும், விரிக்கும்போது மற்றது. ஒன்று போதுமே, இன்னொன்று எதற்கு? காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை வெட்டி, விரிக்கிற ரீடு அத்தனையையும் அடைத்தேன். பெரிய மெக்கானிக் என்று நினைப்பு. வாசித்துப் பார்த்தால் ஸ, க, ப, மறுபடி ஸ. ரி, ம, த, நி நாலும் ஊமை.

என் வீட்டுக்காரி செல்வி மீன் விற்றுவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாய்யா, நேத்து பாதிப் பாட்டாச்சும் வந்துச்சு. இன்னிக்கு நாய் கொலைக்கிறா மாதிரி கீது."

"ரிப்பேர் பண்ணிகினு கீறேன்."

"மொதல்ல அந்த ரிப்பேர புட்டுப் போடு. இழுத்தா ஒண்ணு, அமுக்குனா ஒண்ணுன்னு அதுபாட்டுக்கு மூச்சு வுட்டுகினு இருந்துச்சு. அது மூக்கப் போய் அடைச்சிட்டு..."

எரிச்சலாக வந்தது, ஆனால் அவள் சொன்னது சரி. பிளாஸ்திரியை ஒவ்வொன்றாக உரித்தேன். ஆர்மோனியத்தில் இடது கைக்குக் காற்றடிக்கிறதோடு சரி. இதிலோ பாதிப் பாட்டு இடது கையில் இருந்தது. ஸரி, கம, பத வரைக்கும் மூடு, விரி, மூடு, விரி என்று ஒழுங்காகப் போகும். 'நி' வந்ததும் வரிசை புரளும், விரித்த துருத்தியை மூடாமல் இன்னும் விரிக்க வேண்டும். அங்கே தினமும் தடுக்கி விழுந்தேன். திட்டிக்கொண்டே துடைத்து, துணி சுற்றி வைப்பேன். செல்வி அதற்குச் சக்களத்தி என்று பேர் வைத்தாள்.

3. ஊர்வலம்

ஒரு வில்லங்கம் மிச்சம் இருந்தது. எங்கள் தொழிலில் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வோம், கட்டை கூடினால் சுருதி உயரம். தாஸ் அண்ணன் ஒன்றரைக் கட்டைக்காரர், அதில் அவருக்கு அப்படி ஒரு கர்வம். என் அக்கார்டியனுக்குத் தெரிந்தது ஒரு கட்டை மட்டும். அரைக் கட்டை ஏற்ற அதில் பட்டனே கிடையாது. திருவொற்றியூர்க் குப்பத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கிளம்பும்போதுதான் சொல்ல எனக்குத் தைரியம் வந்தது.

"ஒரு பொட்டிக்கோசரம் நான் கொரல எறக்கணுமா? நீ சும்மா மாட்டிகினு வா" என்றார்.

மாட்டிக்கொண்டு நடந்தேன். பாட்டும் டோலக்கும் முன்னால் போக, பின்னால் நான் வாசிக்காமல் போகிறேன். பெண் வீட்டு அம்மா ஒருத்தர், "இன்னாப்பா, இது போட்டோவுக்கா?" என்று கேட்டார். என் மானமே போயிற்று. இன்றோடு வேலையும் போச்சு என்று தெரிந்துவிட்டது.

அண்ணன் தண்ணீர் குடிக்கப் பாட்டை நிறுத்தினார். போகிற வேலை வாசித்த பிறகாவது போகட்டும் என்று, அடுத்த பாட்டுக்கு முன்னால் வருகிற இசையை ஒரு கட்டையில் எடுத்துவிட்டேன். 'நி'யில் தடுக்கவில்லை. டோலக் சேர்ந்துகொண்டது, பெண்கள் ஆட ஆரம்பித்தார்கள். அண்ணன் என்னை முறைத்தார். ஆடுகிற கூட்டத்தை யார் நிறுத்துவது? அந்தச் சுருதியிலேயே பாட்டைப் பிடித்தார்.

வழக்கமாகப் பாட்டு மேலே போகும்போது அவருக்குக் கழுத்து நரம்பு புடைக்கும், கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். அன்றைக்குக் கண்ணைத் திறந்து, ஆடுகிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பாடினார்.

முடிந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். அனுப்பப் போகிறார் என்று தோள் வாரைக் கழற்றினேன்.

"நாளைக்கும் ஒரு கட்டையே வெச்சிக்கலாம்" என்றார்.

"அண்ணே?"

"ஒன்றர ரொம்ப நாளா எட்டல மாமு. எறக்குன்னு எப்டி வாயத் தொறந்து கேக்கறது? தாஸுக்குக் கொரல் பூட்ச்சும்பானுங்க. இப்ப எவனாச்சும் கேட்டா உன் பொட்டி மேல பழிய போட்டுக்கலாம்."

அதற்குப் பிறகு யார் கேட்டாலும் என்னைக் கைகாட்டுவார். நானும் தலையைச் சொறிந்துகொண்டு, "ஆமாங்க, பழைய பொட்டி, ஏறாது" என்பேன். எனக்கு அவர்மேல் பிரியம் வந்தது அப்போதுதான்.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். கையில் இருக்கிற வாத்தியத்துக்கு எது வராது என்று முதலில் கற்றுக்கொள்ளுங்கள். கூடப் பாடுகிறவருக்கு எது வராமல் போய்விட்டது என்று காதால் தெரிந்துகொள்ளுங்கள், வாயால் கேட்காதீர்கள்.