லென்ஸ்காரரும் நிமிர்ந்த சைக்கிளும்

சிக்னலுக்குப் பத்தடி இருக்கும்போதே அவருடைய வலது குதிகால் வெளிப்பக்கமாக ஒரு திருகு திருகுகிறது. திருகுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. பழைய சைக்கிளில் ஷூவின் அடியில் ஒரு கொக்கி உண்டு. அது பெடலில் டக்கென்று மாட்டிக்கொள்ளும். காலைத் தரையில் வைக்க வேண்டுமானால் குதிகாலைத் திருகி விடுவித்தே ஆகவேண்டும். மறந்தால் ஆளும் சைக்கிளுமாக அப்படியே பக்கவாட்டில் சாயவேண்டியதுதான். இந்தச் சைக்கிளின் பெடலோ வெறும் தட்டை. திருகிய கால் வழுக்கிக் கீழே போகிறது, பெடல் ஒரு சுற்றுச் சுற்றி வந்து கணுக்காலுக்கு மேலே எலும்பைப் பதம் பார்க்கிறது. "சனியனே!" என்கிறார். பக்கத்தில் ஸ்கூட்டரில் நிற்கும் பெண்மணி வெடுக்கென்று திரும்புகிறார். "உங்களை இல்லைங்க, இதை" என்று ஹேண்டில்பாரைத் தட்டிக் காட்டுகிறார். இரண்டு மாதத்துக்கு மேலாகத் தினமும் ஏதாவது ஒரு சிக்னலில் இது நடக்கிறது.

கடைத்தெருவில் லென்ஸ்காரர் என்றால் யாரும் கைகாட்டி விடுவார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், ஜன்னலை ஒட்டிய மேஜையில், லென்ஸை ஃபிரேமின் அளவுக்குத் தீட்டி உட்காரவைப்பது அவர் வேலை. வயது ஐம்பத்து நான்கு. கண்ணாடியின் காதுகளை, அதாவது பக்கக் கம்பிகளை, மாட்டும் திருகாணிகள் எள்ளைவிடச் சிறியவை. மற்றவர்கள் இடுக்கியால் எடுப்பார்கள். இவர் மோதிர விரலின் நுனியை நாக்கில் தொட்டு, திருகாணியை ஒற்றியெடுத்து, துளையின் வாயில் கொண்டுபோய் வைப்பார். சுண்டுவிரல் மேஜையில் ஊன்றியிருக்கும். கை இம்மியும் ஆடாது. "இடுக்கியால புடிச்சா திருகாணிக்கு வலிக்கும்" என்பது அவர் கொடுக்கும் விளக்கம்.

அந்த மேஜைக்கு அடுத்தபடி அவருக்கு உலகத்தில் முக்கியமானது ரோடு பைக் என்னும் பந்தயச் சைக்கிள். இருபத்தாறு வருடம், மூன்று சைக்கிள். மூன்றுக்கும் விரலகல டயர், ஆட்டுக் கொம்பு மாதிரி கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார், ஒற்றைக் கையில் மாடிப்படி ஏற்றக்கூடிய எடை. விடிந்ததும் நாற்பது கிலோமீட்டர் போய்விட்டு வந்துதான் குளியல். "முதுகு மேஜை மாதிரி இருக்கணும். டீ கிளாஸ் வெச்சா சிந்தக்கூடாது" என்று கேட்காதவர்களிடமும் சொல்வார். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவர்களைப் பற்றி அவருக்கு ஒரே அபிப்பிராயம்: "அவங்கல்லாம் சைக்கிள் ஓட்ட வரலை, வேடிக்கை பாக்க வந்தவங்க." இதை ஊரில் பாதிப் பேரிடம் சொல்லி வைத்திருப்பதுதான் இப்போது வினையாகிவிட்டது.

போன வருடக் கடைசியில் ஒருநாள் திருகாணி விரலிலிருந்து நழுவியது. குனிந்து தேடி எடுத்தார். மறுநாள் இரண்டு முறை. அதற்கடுத்த வாரம் திருகாணி விரலில் இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மோதிர விரலும் சுண்டுவிரலும் இரவல் வாங்கி ஒட்டவைத்தவை போலக் கிடந்தன. வீட்டில் சொல்லவில்லை. இடுக்கியை வாங்கி இழுப்பறையில் ஒளித்து வைத்துக்கொண்டு, யாரும் இல்லாதபோது எடுத்தார்.

மனைவியே கண்டுபிடித்து நரம்பு டாக்டரிடம் இழுத்துப்போனார். டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சைக்கிள் ஓட்டுவீங்களா?"

"ஓட்டுவேன்" என்றார் இவர், ஏதோ பட்டம் வாங்கியதைச் சொல்கிற மாதிரி.

"குனிஞ்சு, முழு பாரத்தையும் உள்ளங்கையில போட்டு?"

"அப்படித்தாங்க ஓட்டணும்."

"அதான் நரம்பு நசுங்கிருக்கு. மூணு மாசம் பாருங்க. குனியவே கூடாது. அதுக்குள்ள உணர்ச்சி திரும்பலைன்னா அந்தத் திருகாணி வேலையை மறந்துடுங்க."

"ஓட்டவே கூடாதா டாக்டர்?"

"தாராளமா ஓட்டுங்க. நிமிர்ந்து உக்காந்து ஓட்டுங்க."

வெளியே வந்தவர் மனைவியிடம் சொன்ன முதல் வார்த்தை, "அந்த ஆளுக்கு சைக்கிளைப் பத்தி என்ன தெரியும்?" என்பது. விரலைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கடை முதலாளி வயதில் சின்னவர், நல்ல மனிதர். விஷயம் கேள்விப்பட்டுப் பதமாகத்தான் பேசினார். "அண்ணே, நீங்க முன்னாடி கவுண்டர்ல உக்காருங்களேன். பெரியவங்க முகப்புல இருந்தா கடைக்கும் ஒரு மரியாதை." லென்ஸ்காரருக்குச் சுருக்கென்றது. வேலை தெரிந்தவனை உட்காரவைத்து வாசலில் பொம்மையாக்குவதற்குப் பெயர் மரியாதையா? மூன்று நாள் முதலாளியோடு பேசவில்லை. லென்ஸ் அளவைக்கூடத் துண்டுக் காகிதத்தில் எழுதித்தான் கேட்டார்.

மனைவி பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். சைக்கிளை அடியோடு விட்டுவிடச் சொல்லிப் பார்த்தார். அப்போது கணவர் முகம் போன போக்கை மறுபடி பார்க்கத் தெம்பில்லாமல், பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர் விற்கவிருந்த ஹைபிரிட் சைக்கிளைப் பேசி முடித்துக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். ரோடு பைக்குக்கும் மலைச் சைக்கிளுக்கும் நடுவில் பிறந்த ஜாதி அது. இளநீலம். டயர் கட்டை. ஹேண்டில்பார் இரண்டு கையையும் அகல விரித்துக் கூப்பிடுகிறது. முன்னும் பின்னும் மட்கார்டு, பின்னால் கேரியர், பக்கத்தில் ஸ்டாண்டு.

"இது சீட்டா, சோபாவா?" என்றார்.

"உக்காந்து பாருங்க, அப்புறம் கத்துங்க" என்றார் மனைவி.

உட்கார்ந்தார், கத்தினார். பிரேக் பிடியைப் பக்கவாட்டில் தள்ளினால் கியர் மாற வேண்டும், அதுதான் இருபத்தாறு வருட வழக்கம். இங்கே பிரேக் பிடி பிரேக் மட்டும்தான் பிடிக்கும். கியர், கட்டைவிரலுக்குக் கீழே எங்கோ ஒளிந்திருக்கிறது. மேட்டில் ஏறும்போது பிடியைத் தள்ளு தள்ளென்று தள்ளி, கியரும் மாறாமல் சைக்கிளும் நகராமல், இறங்கித் தள்ளிக்கொண்டு போனார். எதிர்க்காற்று வந்தால் கை தானாகக் கீழே போய், இல்லாத கொம்பைத் துழாவும். சட்டை பலூன் மாதிரி உப்பும். ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு எல்லாவற்றையும் கழற்றி, "இப்ப கொஞ்சம் மனுஷத்தனமா இருக்கு" என்றார். திங்கட்கிழமை மழை. இடுப்பிலிருந்து பிடரிவரை நேர்கோடாகச் சேறு பூசிக்கொண்டு கடைக்குப் போனார். அன்று மாலையே மட்கார்டு பழைய இடத்துக்குத் திரும்பியது. கேரியர் இன்றுவரை கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

டயர் கதைதான் பெரிய கதை. ரோடு பைக் டயர் கல் மாதிரி இருக்க வேண்டும். பம்பில் காற்றழுத்தம் காட்டும் முள் நூறைத் தொட்டால்தான் அவருக்குத் திருப்தி. இந்தக் கட்டை டயரையும் ஒரு காலை வேளையில் வீட்டு நடையில் வைத்து அடித்தார். எண்பது. தொண்ணூறு. அறுபதுக்கு மேல் கூடாது என்று டயரின் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிடுகிறவர், தன் கண்ணாடியை மேஜை மேல் வைத்துவிட்டு வந்திருந்தார். முள் நூறைத் தொட்டது, வீடே அதிர்ந்தது. மாடி வீட்டுக்காரர் துண்டோடு இறங்கி ஓடி வந்தார். "என்னங்க, சிலிண்டரா?"

"டயரு."

"டயரா?"

"நூறு தாங்காதது எல்லாம் ஒரு டயரு!" என்று அவரிடம் பாய்ந்தார் லென்ஸ்காரர். மாடி வீட்டுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

ஆனால் எல்லாமே சிரிப்பில் முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரைச் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது பின்னால் அந்தச் சத்தம் கேட்டது; மெல்லிய டயர்கள் வரிசையாக வரும் விர்ரென்ற சத்தம். விடியற்காலையில் அவரோடு சேர்ந்து ஓட்டிய பழைய கூட்டம். பத்து வருடம் இவருக்குப் பின்னால் காற்று மறைவில் வந்த பல் டாக்டர் இன்று முன்னால் போனார். போகிற போக்கில், "என்ன சார், வாக்கிங்கா?" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். கூட்டம் வளைவில் மறைந்துவிட்டது. லென்ஸ்காரருக்கு அவமானமாக இருந்தது. சைக்கிள் மேல் இருந்த கோபத்தைவிட அதன்மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த தன் மேல் கோபம். வீட்டுக்கு வந்து டீயைத் தொடவில்லை. "நாளைக்கே இதைத் தள்ளிவிடு. அந்தப் பாட்டு டீச்சரை நேர்ல பாக்கறேன், பாத்து நாலு வார்த்தை கேக்கறேன்" என்று மனைவியிடம் கறுவினார். மறுநாள் காலை அதே சைக்கிளில்தான் கடைக்குப் போனார். வேறு எதில் போவார்?

ஒன்பதாவது வாரம், ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் கண்ணாடிக்குக் காது மாட்டிக்கொண்டிருந்தார். பழக்க தோஷத்தில் மோதிர விரலை நாக்கில் தொட்டுத் திருகாணியை ஒற்றினார். குத்தியது. ஊசி முனை அளவுக்கு, ஆனாலும் குத்தியது. அழுத்திப் பார்த்தார். மறுபடி குத்தியது. மேஜை விளக்கை அணைத்தார். அழுகை வரும்போல இருந்தது. அதற்குப் பதிலாகக் கோபம் வந்தது. வீட்டுச் சுவரில் இன்னும் துணி போர்த்தித் தொங்கும் ரோடு பைக் ஞாபகம் வந்தது. அன்று மாலை அதன் எதிரில் நின்று, "இருபத்தாறு வருஷம் குழந்தை மாதிரி துடைச்சேன். என் விரலையா தின்னுட்டிருந்தே?" என்று கேட்டார். இளநீலத்துக்கு நன்றி கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. "அதுகிட்ட யாரும் சொல்லிடாதீங்க, தலை வீங்கிடும்" என்றார் மனைவியிடம்.

டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்துத் தலையசைத்தார். "வந்துட்டிருக்கு. ஆனா பாதிதான். இன்னும் ஒரு வருஷம் இதே மாதிரி நிமிர்ந்தே ஓட்டுங்க. விட்டீங்கன்னா பழைய கதைதான்." முதலாளி மறுபடி கவுண்டர் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் கதையே வேறு.

போன வாரம் பாட்டு டீச்சர் கடைக்கு வந்தார், ஒரு கண்ணாடியின் காது தளர்ந்துவிட்டதென்று. வாசலில் சாய்த்திருந்த சைக்கிளைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. முதலாளி பின்னறையைப் பார்த்துக் குரல் கொடுக்க, லென்ஸ்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"சார், உங்களுக்கு இது பிடிக்கவே இல்லையாமே. தினமும் திட்டறீங்கன்னு உங்க வீட்ல சொன்னாங்க. எனக்கும் வித்ததுலேர்ந்து மனசே சரியில்லை. எங்க அக்கா வேற கேட்டுட்டே இருக்கா. திருப்பிக் குடுத்துடறீங்களா? நான் இப்பவே ஓட்டிட்டுப் போயிடறேன்."

நாலு வார்த்தை கேட்பதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. லென்ஸ்காரர் தொண்டையைச் செருமினார்.

"வெயிட்டு" என்றார்.

"ஆமா சார், வெயிட்டுதான்."

"கியரைக் கொண்டுபோய் கட்டைவிரலுக்கு அடியில வெச்சிருக்கான்."

"எனக்கும் அது கஷ்டமாத்தான் இருந்தது. அதான் சொல்றேன், நான் எடுத்துக்கறேன்."

டீச்சர் வாசல் பக்கம் ஓரடி எடுத்து வைத்தார். லென்ஸ்காரர் இரண்டடி எடுத்து முந்திக்கொண்டார். சைக்கிளை இரண்டு கையாலும் பிடித்துப் படியேற்றினார். கண்ணாடி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முழங்காலை ஒதுக்கிக்கொள்ள, கடை நடுவே அதைத் தள்ளிக்கொண்டு பின்னறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. முதலாளியும் பாட்டு டீச்சரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கையில், உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.