கவிழ்த்து வைத்த தூபக்கால்

கூடத்திலிருந்து கணீரென்று ஒரு சத்தம் வந்தது. டீக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்த அன்புக்கரசியின் கை அப்படியே நின்றது. சுட்ட மண். விரிசல் கிடையாது. சத்தம் நீண்டு, மெல்ல அடங்குகிறது. கண்ணால் பார்க்காமலே அவ்வளவும் தெரிந்துவிட்டது அவளுக்கு.

தெரியாமல் இருக்குமா? விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக அவள் பார்க்கும் வேலையே அதுதான். சூளையிலிருந்து வரும் கப்புகளை ஒவ்வொன்றாகச் சுண்டிக் கேட்பாள். கணீரென்றால் நிமிர்த்தி வைப்பாள். சத்தம் செத்துப்போயிருந்தால் கவிழ்த்து வைப்பாள். கவிழ்ந்ததை அதன் பிறகு ஒருவரும் தொடுவதில்லை. அது உடைக்கப் போய்விடும்.

கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் மங்கலம்பேட்டை ஜபருல்லா. மஸ்கட் சந்தையில், சாலிம் என்ற பெரியவரின் மண்பாண்டக் கடையில் வேலை செய்பவர். லீவில் வந்திருப்பதாகவும், வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்றும் காலையில் போன் செய்திருந்தார். அந்தக் கடையை நினைத்து மூன்று மாதமாக அவள் குமைந்துகொண்டிருந்தாள்.

மகன் நந்தகுமார் மஸ்கட்டில் எலக்ட்ரீஷியன். ஒரு மாதம் வந்து இரு என்று அம்மாவை அழைத்திருந்தான். சந்தைக்குக் கூட்டிப்போகும் முன்பே அவளுக்குப் பாடம் நடத்தினான். காரணம் இருந்தது. உள்ளூர் மார்க்கெட்டில் அவள் பாதி விலைக்குக் கேட்டுவிட்டு நாலடி நடந்தால், கடைக்காரரே பின்னால் கூப்பிடுவார். அந்த நடை இங்கே ஆகாது என்றான்.

"மொதல்ல சலாம் சொல்லு. நல்லா இருக்கீங்களான்னு கேளு. காப்பி குடுத்தா குடி. அப்புறந்தான் வெல. நீ கேட்ட வெலைக்கு அவரு சரின்னுட்டா வாங்கிடணும்மா. அதுக்கு மேல பேச்சே கெடையாது."

அவள் ஒன்றுகூடப் பிசகவில்லை. சலாம் சொன்னாள். பெரியவர் தந்த ஏலக்காய்க் காபியைக் குடித்தாள். பேரீச்சம்பழம் தின்றாள். ஜபருல்லா இரண்டு பக்கமும் மொழி மாற்றிச் சொல்ல, ஒரு சாம்பிராணித் தூபக்காலுக்கு விலை பேசினாள். ஆறு ரியால் என்றார் பெரியவர். கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்று சிரித்தாள். ஐந்து ஆயிற்று. அவள் நாலு என்றாள். பெரியவர் நெஞ்சில் கையை வைத்துத் தலை சாய்த்தார். முடிந்தது. சுற்றித் தரக் காகிதம் எடுக்க அவர் திரும்பினார்.

அந்த இடைவெளியில்தான் அவள் விரல் அவளைக் கேட்காமலே அதைச் சுண்டியது. செத்த சத்தம். கை தானாகக் கவிழ்த்து வைத்தது. அடுத்ததையும் சுண்டினாள்; அதுவும் கவிழ்ந்தது. அதற்கடுத்ததும். பக்கத்தில் நின்ற வெளிநாட்டுப் பெண்கள் இருவர் பார்த்துவிட்டு, கையில் இருந்ததைத் திரும்ப வைத்துவிட்டு நகர்ந்தார்கள். காகிதத்தோடு திரும்பிய பெரியவர் கவிழ்ந்து கிடந்த மூன்றையும் பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே வடிந்துபோயிற்று. நந்தகுமார் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அவளை வெளியே இழுத்து வந்தான். பேசி முடித்த விலையை அந்தரத்தில் விட்டுவிட்டு வந்தாள். இரண்டாம் நாள் ஊருக்கு விமானம். அந்தக் கடைப் பக்கம் போகவே கூச்சமாக இருக்கிறது என்று மகன் போனில் சொல்லும்போதெல்லாம் அவள் பேச்சை மாற்றிவிடுவாள். காபி கொடுத்து உபசரித்த மனிதரை, அவர் கடையிலேயே வைத்துத் தலைகுனிய வைத்துவிட்டோமே!

டீயோடு கூடத்துக்கு வந்தாள். டீப்பாயின் மேல் ஒரு தூபக்கால், வாய் மேலே பார்க்க நின்றது.

"பெரியவருக்கு என் மேல கோவமா தம்பி?" டீயை அவர் கையில் கொடுத்தபடியே கேட்டாள்.

"அன்னைக்கு முழுக்க யார்கிட்டயும் பேசலக்கா. நீங்க சுண்டிப் பாத்தத நாந்தான் சொன்னேன். மறுநாளு நீங்க கவுத்து வச்ச மூணுலயும் தண்ணிய ஊத்தி வச்சாரு. மூணும் கசிஞ்சுது." ஜபருல்லா டீயை ஒரு வாய் குடித்தார். "இப்ப எந்த சரக்கு வந்தாலும் அவரே சுண்டித்தான் எடுக்குறாரு. டீ கிளாஸக் குடுத்தாக்கூட சுண்டிட்டுத்தான் குடிக்கிறாருன்னா பாத்துக்குங்க."

அன்புக்கரசி சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது.

"இது அவரே பொறுக்குனது. சும்மா குடுக்கக் கூடாதாம். பேச்சு பாதியில நிக்குது, முடிச்சிட்டு வான்னு அனுப்புனாரு. வெல ஆறு ரியால்க்கா."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உடனே விலைக்குப் போய்விடவில்லை. பெரியவருக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். ஜபருல்லாவின் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டாள். அவர் டீயைக் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க தம்பி."

"அஞ்சு."

"நாலுன்னு வச்சிக்குங்களேன்."

ஜபருல்லா நெஞ்சில் கையை வைத்துத் தலை சாய்த்தார். சாமி படத்தடியில் மூன்று மாதமாக மடித்துக் கிடந்த நான்கு ஒற்றை ரியால் நோட்டுகளை எடுத்து வந்து, இரண்டு கையாலும் கொடுத்தாள்.

"சுண்டிப் பாக்கலியாக்கா?"

"பெரியவருதான் சுண்டிட்டாருல்ல. அது போதும்." கொஞ்சம் நின்று சொன்னாள். "எம் புள்ளைய கடைக்கு வரச் சொல்றேன். அவனுக்கும் ஒரு வாய் காப்பி குடுக்கச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்றார் ஜபருல்லா. பஸ்ஸுக்கு நேரமாயிற்று, செருப்பை மாட்டிக்கொண்டார். "போயிட்டு வரேங்க்கா."

அவர் தெரு முனை திரும்பும்வரை வாசலில் நின்றுவிட்டு, அன்புக்கரசி கதவைச் சாத்தினாள்.