மோட்டார் ரூம் சுவரில் ஒரு காலி இடம்

எங்கள் ஊர் சைக்கிள் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இருபது வருசத்துக்கு மேலாக யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. முதலில் வந்தவன் பேரை மட்டும்தான் தண்ணித் தொட்டிக்குக் கீழே இருக்கும் மோட்டார் ரூம் சுவரில் பெயின்டில் எழுதுவார்கள். வருசம், அதற்கு நேரே ஒரு பேர். இரண்டாவதாக வந்தவனுக்கு ஒரு எவர்சில்வர் குடம். அந்தக் குடமும் அடியில் ஓட்டை விழுந்து, இப்போது மதுரை கோச்சடையில் என் வீட்டு வாசலில் மண் நிரப்பிய செடித்தொட்டியாக இருக்கிறது.

ஊர் கொட்டாம்பட்டிப் பக்கம், திருச்சி ரோட்டை ஒட்டி. மாசித் திருவிழாவுக்கு மறுநாள் காலையில் பந்தயம். கியர் கிடையாது, பால் கேன் கட்டுகிற சாதா சைக்கிள்தான். மேலூர்ப் பக்கம் போய்த் திரும்ப வேண்டும். திரும்புகிற இடத்தில் ஒருவர் மஞ்சள் தண்ணீரில் கையை முக்கி நம் முதுகில் ஒரு அறை விடுவார். முதுகில் மஞ்சள் கை இல்லாமல் வந்தவன் பாதியில் திரும்பிவிட்டான் என்று அர்த்தம். எங்கள் ஊருக்குத் தெரிந்த சோதனை அவ்வளவுதான்.

முதலில் வந்தவன் என் கூட்டாளி. என்னைவிட இரண்டு சைக்கிள் நீளம் முன்னால் போனான். கோயில் வாசலில் அவன் தலையில் பரிவட்டம் கட்டினார்கள். வேர்த்து விறுவிறுத்து, சாமி துண்டோடு அவன் நின்ற கோலத்தைப் பார்த்துவிட்டு எங்கள் அப்பா, "இவனுக்கே நம்ம பிள்ளையக் குடுத்துரலாம்" என்றார். அடுத்த வைகாசியில் என் தங்கச்சி அவனுக்கு வாழ்க்கைப்பட்டாள். கூட்டாளி மாப்ள ஆனான். எனக்குக் குடம்.

அவர்களுக்கு ஒரே மகள், இப்போது பதினேழு வயது. நிஜமான ரேஸ் சைக்கிள், தலையில் ஹெல்மெட், காலில் கிளிக்கென்று மாட்டுகிற ஷூ. போட்டிக்குக் கிளம்பும் முன் மோட்டார் ரூம் சுவருக்குப் போய் அப்பன் பேரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் போவாள். அவள் தொட்டுத் தொட்டே அந்தப் பேரில் பாதி அழிந்துபோயிருந்தது. அதைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். மருமகள் தொடுகிற பேர் என்னுடையதாக இருக்கக் கூடாதா என்று நினைத்திருக்கிறேன். சின்னப் புத்திதான், இல்லையென்று சொல்லவில்லை.

நாலைந்து மாசத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கோச்சடைக்கு வந்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டில் பிள்ளை போனைக் காட்டினாள். வெளிநாட்டில் பெரிய பெரிய சைக்கிள் பந்தயங்களில் ஜெயித்த ஒருவன் மருந்து போட்டது தெரிந்து, பட்டம் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார்களாம். ஜெயித்தவர்கள் பட்டியலில் அந்த வருசங்களுக்கு நேரே பேரே இல்லை.

"பிடுங்குனது சரிதான மாமா?" என்றாள். "ரெண்டாவது வந்தவன் எம்புட்டு வருசம் வயிறெரிஞ்சிருப்பான்?"

நான் குழம்பு ஊற்றிக்கொண்டேன். மாப்ள பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினான். கறிக்குழம்பு அன்றைக்கு எழுந்து போகிற குழம்பில்லை.

மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனேன். பின்னாலேயே வந்தான்.

"மச்சான், அந்த வருசம் நான் ஊசி போட்டுத்தேன் வந்தேன்."

"என்ன ஊசி?"

"பந்தய மாட்டுக்குப் போடுவாய்ங்கள்ல, அது. மாட்டு வண்டி ஓட்டுறவர் ஒருத்தர் போட்டு விட்டாரு."

"மாட்டுக்குப் போடுறதையா?"

"கொஞ்சமாத்தேன்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. நன்றாகச் சிரித்தேன். சிரித்து முடித்துப் பார்த்தால் கையிலிருந்த துணி கிளிப் இரண்டாக உடைந்திருந்தது. எப்போது கோபம் வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அவன் தலையைக் குனிந்துகொண்டே பேசினான். மோட்டார் ரூம் சுவருக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. அடுத்த ஞாயிறு பெயின்டர் வருகிறான். பேர்ப் பட்டியல் விழாக் கமிட்டி சார்பில் இவன் கையில்தான் இருக்கிறது. "என் பேர எடுத்துட்டு உன் பேர எழுதச் சொல்லிர்றேன். நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"பாப்பாகிட்ட என்ன சொல்லுவ?"

"அதான் மச்சான் தெரியல."

அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். ஒரு பையனுடைய டிசியில் அப்பா பேர் இருக்க வேண்டிய இடத்தில் என் பேரை அடித்து வைத்து, ஹெட்மாஸ்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். சந்தோசமா, ஆத்திரமா, வெட்கமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு நேரம், என்னை ஏமாற்றிவிட்டானே என்று பல்லைக் கடிப்பேன். அடுத்த நேரம், அந்த ஊசி இல்லையென்றால் பரிவட்டம் என் தலைக்கு வந்திருக்கும், அப்பா கண்ணில் அவன் பட்டிருக்க மாட்டான், தங்கச்சி வேறு எங்கோ போயிருப்பாள், இந்தப் பிள்ளையே பிறந்திருக்காது என்று தோன்றும். எந்தப் பட்டத்தைப் பிடுங்கினால் எது எதெல்லாம் கூடவே வரும்?

இதெல்லாம் போதாதென்று, லாரி வேறு ஞாபகத்துக்கு வந்தது.

பந்தயத்தில் திரும்பி வரும்போது பாறைக் கரட்டுப் பக்கம் ஒரு ஏத்தம் உண்டு. வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று அதில் முக்கி முனகிப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் தொங்கிய சங்கிலியைப் பிடித்துக்கொண்டேன். ஏத்தம் முடிகிற வரைக்கும் விடவில்லை. அந்தக் காலத்தில் எல்லோரும் பிடிப்பார்கள். பள்ளிக்கூடம் போகும்போதும் பிடிப்போம், பால் ஊற்றப் போகும்போதும் பிடிப்போம். அது தப்பு என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை. இப்போதும் தப்பா என்று கேட்டால் விழிப்பேன். மாட்டு ஊசி தப்பு, லாரிச் சங்கிலி தப்பில்லை என்று எந்த வாயால் சொல்வது?

அப்படியானால் மூன்றாவதாக வந்தவன்தான் ஜெயித்தவன். அவனுக்குச் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால். வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். உண்மையைச் சொன்னால், நியாயம் கேட்க நான் போகவில்லை. நான் லாரியைப் பிடித்தது அவன் கண்ணில் பட்டிருக்குமா என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன்.

கொடிக்காலுக்குள் குனிந்து இலை கிள்ளிக்கொண்டிருந்தான். ஊசி விசயத்தைச் சொன்னேன். ஆச்சரியப்படவில்லை. "இருக்கும்ணே" என்றான்.

"அப்ப உம் பேரத்தேன் எழுதணும்போல."

"எம் பேரா?" சிரித்தான். "நீங்க சங்கிலிய இடது பக்கம் பிடிச்சீங்க. நான் வலது பக்கம் பிடிச்சேன். வைக்கோலு மறைச்சதுல நீங்க என்னையப் பாக்கல. நான் உங்களப் பாத்தேன்."

"நாலாவது யாரு வந்தா?"

"அது யாருக்குண்ணே தெரியும்?" என்று சொல்லி, ஒரு கவுளி வெற்றிலையை வாழைநாரில் கட்டிக் கையில் கொடுத்தான். வீட்டில் யாருக்கும் வெற்றிலை பழக்கமில்லை. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், போனதைவிடக் கூடுதலாகக் குழம்பி.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். பெயின்டர் வருசங்களை வரிசையாக எழுதி, பேர்களை நிரப்பிக்கொண்டே வந்தான். எங்கள் வருசம் வந்ததும் மாப்ள, "அத விட்டுட்டு அடுத்தத எழுதுப்பா" என்றான். என் முகத்தைப் பார்த்தான். நான் செருப்பைப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் பிள்ளை பிராக்டிஸ் முடித்துச் சைக்கிளில் வந்து நின்றாள். சுவரைத் தொடக் கையை நீட்டியவள், தொடுவதற்குப் பேர் இல்லாமல் கையை எடுத்துக்கொண்டாள்.

"அப்பா, அந்த வருசம் பந்தயம் நடக்கலையா?"

அவன் சொல்லிவிட்டான். சுற்றி வளைக்காமல், என்னிடம் சொன்ன அதே வார்த்தைகளில், பெயின்டர் கேட்கவே சொன்னான். கொஞ்சமாத்தேன் என்பதை மட்டும் இந்தத் தடவை சொல்லவில்லை. பிள்ளை அழவில்லை. ஹெல்மெட் வாரை அவிழ்த்து மாட்டினாள், மறுபடி அவிழ்த்து மாட்டினாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப அந்த எடத்துல மாமா பேருதான வரணும்?"

இருபது வருசத்துக்கு மேல் நான் காத்திருந்த கேள்வி. பெயின்டர் பிரஷ்ஷை நனைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதற்குத்தான் திறந்தேன்.

"நான் லாரியப் பிடிச்சேன் தாயி" என்றேன்.

அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். சைக்கிளில் ஏறி ரோட்டுக்குப் போனாள். செங்கல் லாரி ஒன்று மெதுவாக அவளைத் தாண்டியது, கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில். பிரேக்கைப் பிடித்து, ஓரமாக ஒதுங்கி, அது நன்றாகத் தூரம் போன பிறகுதான் மிதித்தாள். மாப்ளயும் நானும் அவள் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அந்த இடத்தைக் காலியாகவே விட்டாயிற்று. பரிவட்டத்தைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. சாமி பேரால் கட்டியதை யார் அவிழ்ப்பது? பிள்ளை இப்போது போட்டிக்குப் போகும்போது சுவரைத் தொடுவதில்லை என்று தங்கச்சி சொன்னாள். அப்பனோடு பேசுகிறாள். என்னோடும் பேசுகிறாள், கொஞ்சம் யோசித்து.

நாங்கள் செய்தது சரியா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் கண் நேராக அந்தக் காலி இடத்துக்குத்தான் போகிறது. என் பேர் அதில் அடங்குமா என்று எழுத்தெழுத்தாக வைத்து அளந்து பார்க்கிறேன். அடங்குகிறது.