மூன்று ஜியன்குவோ

கிளென் வேவர்லி ஸ்டேஷன் வாங்கில் கால் உளைவோடு குந்தியிருக்கிறேன். பக்கத்தில் ஜியன்குவோ என்ற சீனக் கிழவர், ஊரில் அரசாங்க அதிகாரியாக இருந்தவர். இருவருக்கும் அரைகுறை இங்கிலீஷ்.

"எங்கட கந்தோரில என்னோட மூண்டு ஜியன்குவோ. குடும்பப் பேர் வேற வேற. மேலிடம் 'தோழர் ஜியன்குவோ' எண்டுதான் கூப்பிடும்."

எங்கள் ஊர்ச் சங்கக்கடையிலும் இரண்டு கந்தையா. சீனி நிறுத்தவர் நல்லவர்.

"பதவி உயர்வெண்டு கூப்பிட்டினம். மூண்டு பேரும் எழும்பினம்."

"பிறகு?"

"அடுத்த வருசம் விசாரணையெண்டு கூப்பிட்டினம். ஒருத்தரும் எழும்பேல்லை."

"ஆரைக் கொண்டு போச்சினம்?"

"பதவி உயர்வெண்டதும் முந்தி எழும்பினவனை."

ரயில் வந்து நிற்கிறது. அவருடைய மனைவி ஏறிநின்று, "ஜியன்குவோ" என்று கூப்பிடுகிறார். அடுத்த வாங்கில் இரண்டு சீனக் கிழவர்கள் எழும்புகிறார்கள். இவர் அசையவில்லை.

"உங்கட மனிசியெல்லே கூப்பிடுறா, ட்ரெயின் போகப்போகுது."

"என்னத்துக்கெண்டு முதல்ல கேளுங்கோ," என்கிறார்.